உடுத்த துணியோடு ஒரு குளியல்

சுப்புலக்ஷ்மிக்கு நெகட்டிவ் வகை ரத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் கணவன் ஸ்ரீகண்டனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. காரணம் உண்டு. அவளுடைய அக்காவுக்கும் இதே வகைதான். திருநெல்வேலிப் பக்கம் வீட்டிலேயே தலைப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை, ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு போடவேண்டிய ஊசி ஒன்று இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்து வந்த இரண்டும் உடம்பெல்லாம் மஞ்சளாகப் பிறந்து, ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினாள். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவ சமயத்தில் குழந்தையின் ரத்தம் ஒரு துளி தாய்க்குள் போய்விடும். தாயின் உடம்பு அதை வேற்றாளாக எண்ணி எதிர்க்கப் பழகிக்கொள்ளும். இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. அடுத்ததைத்தான் அது விடாது. மூன்று நாளுக்குள் ஊசி போட்டுவிட்டால் அந்தப் பழக்கமே வராமல் தடுத்துவிடலாம். குழந்தையும் நெகட்டிவ் என்றால் ஊசியே வேண்டாம்.

மணக்காட்டில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் லேப் கிடையாது. தொப்புள்கொடியிலிருந்து எடுக்கிற ரத்தத்தை வீட்டுக்காரர்கள்தான் தம்பானூருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பிரசவ அறைக்குள் போகுமுன் சுப்புலக்ஷ்மி கணவனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

“யார்கிட்டயும் குடுத்தனுப்பாதேங்கோ. நீங்களே கொண்டுபோங்கோ.”

காலையில் பிள்ளை பிறந்தான். பாறசாலைக்காரி ரோஸ் சிஸ்டர் வாயில் பஞ்சு அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாயை ஸ்ரீகண்டன் கையில் வைத்தாள்.

“சாரே, இதுல ரெண்டு காரியம் தெரியும். பிள்ளை என்ன குரூப்புன்னு ஒண்ணு. தாய்க்க ரத்தம் இப்பவே பிள்ளைக்கிட்ட சண்டைக்கிப் போயிருக்கான்னு ஒண்ணு. போயிருந்தா மஞ்ச ஏறும், நாங்க கருதலா, கண்ணு வெச்சுப் பாத்துட்டு இருக்கணும்.”

ஸ்ரீகண்டன் அதைச் சட்டைப்பையில்கூட வைக்கவில்லை. பஸ்ஸில் பிக்பாக்கெட்டுக்குப் பயந்து பனியனில் ஓர் உள்பை தைத்து வைத்திருந்தான். அதில் வைத்தான். நெஞ்சோடு ஒட்டி இருக்கட்டும் என்று.

போகிற வழியில்தான் கோட்டைக்குள்ளே வீடு. அப்பா ராமசுப்ரமணியன் விடியற்காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஸ்கூட்டரை நிறுத்தினான்.

ஆண் குழந்தை என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. மறுகணமே சுருங்கிற்று. பிள்ளை பிறந்த சேதி கேட்ட அப்பன் கேட்ட இடத்திலேயே, உடுத்த துணியோடு முழுகவேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். இவன் என்னடாவென்றால் காய்ந்த சட்டையோடு ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். ஏற்கெனவே நேரமாயிற்று என்று பின்கட்டுக்கு விரட்டினார். லேப்புக்குப் போகணும் என்று இவன் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. சொன்னவனும் ரொம்ப அழுத்திச் சொல்லவில்லை. ரெண்டு வாளித் தண்ணீர், அதற்கு எத்தனை நாழி ஆகிவிடும் என்று நினைத்தான்.

வாட்சைக் கழற்றினான். பர்ஸை எடுத்தான். ஸ்கூட்டர் சாவியை மறக்காமல் ஜன்னலில் வைத்தான். கிணற்றில் இறைத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டான். இன்னொரு வாளிக்குக் குனிந்தபோது வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்குக் கீழே, ரோஜா நிறத்தில் ஒரு கோடு இறங்குவதைப் பார்த்தான்.

பஞ்சு நழுவியிருந்தது. குழாயில் நிறம்மாறிய தண்ணீர்தான் மிச்சம்.

ராமசுப்ரமணியன் கிட்டே வந்து குழாயைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அப்பன் ரத்தந்தானேடா கொழந்தைக்கும். உன் விரல்ல குத்திக் குடுத்துடேன். யாருக்குத் தெரியப் போறது?”

வாட்சை மாட்டிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஸ்ரீகண்டன் ஸ்கூட்டரில் கிழக்கே கோட்டை வாசலைத் தாண்டி வந்து நின்றான். இடப்பக்கம் தம்பானூர், வலப்பக்கம் மணக்காடு. அப்பா சொன்னதில் ஒரு சௌகரியம் இருந்தது. அவன் பாசிட்டிவ், லேப்பில் பாசிட்டிவ் என்றுதான் எழுதித் தருவார்கள், ஊசி போட்டுவிடுவார்கள். அடுத்த குழந்தைக்குப் பயமில்லை. அவளுக்குத் தெரியவும் வேண்டாம். வண்டியை இடப்பக்கம் திருப்பியும்விட்டான்.

அப்போதுதான் சிஸ்டர் சொன்ன இரண்டாவது காரியம் நினைவுக்கு வந்தது. சண்டை தொடங்கிவிட்டதா என்பதை அந்தக் குழந்தையின் ரத்தம்தான் சொல்லும். இவன் ரத்தம் எல்லாம் சுகம் என்றே சொல்லும். அதை நம்பி எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போது பிள்ளைக்கு மஞ்சள் ஏறினால்?

வலப்பக்கம் திருப்பினான்.

சுப்புலக்ஷ்மி கட்டிலில் படுத்திருந்தாள். ஈரச் சட்டையையும் அதிலிருந்த கறையையும் பார்த்தாள். அவன் நின்றபடியே சொல்லிமுடித்தான். அப்பாவின் பேரை எடுக்கவில்லை. குளித்தேன், உள்பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“வாட்ச் நனையலையே.”

அவன் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

தொப்புள்கொடியை அதற்குள் அப்புறப்படுத்தியிருந்தார்கள். இனிக் குழந்தையைத்தான் குத்தி எடுக்கவேண்டும் என்றாள் ரோஸ் சிஸ்டர். காலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அவனே பிடித்தான். நடுவிரல் நீளம்கூட இல்லாத பாதம். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டு, முகம் கறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வீறிட்டது. துளித் துளியாகத்தான் வந்தது. சுப்புலக்ஷ்மி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதுக் குழாயை ரோஸ் யாரிடம் கொடுப்பது என்று பார்த்தாள். சுப்புலக்ஷ்மி திரும்பாமலே கணவனைக் காட்டினாள்.

“நம்மாத்து வழியாப் போகாதேங்கோ.”

அவன் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, குழாயைக் கைக்குள் மூடிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, சாலைக் கடைத்தெருவின் மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே தம்பானூர் போய்ச் சேர்ந்தான்.

சாயங்காலம் முடிவு வந்தது. குழந்தை பாசிட்டிவ். தாயின் ரத்தம் சண்டைக்குப் போகவில்லை. ஊசிமருந்து மறுநாள்தான் கிடைத்தது. போடும்போது அவனை வெளியே போகச் சொன்ன சிஸ்டரிடம், அவர் இருக்கட்டும் என்றாள் சுப்புலக்ஷ்மி. மருந்துக் குப்பியை உடைத்ததையும், அது முழுக்க உள்ளே இறங்கியதையும் அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே அவள் அந்தக் குளியலுக்குப் பிறகு முதல்முறையாக அவனிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாள்.

“அடுத்ததுக்கு உங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். லேப்புக்குப் போயிட்டு வந்து முங்கினாப் போறும்.”

அடுத்தது என்று அவள் சொன்னதை அவன் கேட்டான். குழந்தையின் குதிகாலில் ஒட்டியிருந்த பஞ்சைச் சரிசெய்தான்.