மூலையில் புதைந்த கல்

எங்கள் பக்கம் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவோம். அதுதான் வணக்கம். அந்தச் சாம்பல் நிற பிக்கப் வண்டிக்காரன் முழுக் கையையும் எடுத்து ஆட்டினான். வண்டியின் பின்னால் ஒரு அலுமினிய ஏணி. வண்டியைத் திருப்பிக்கொண்டு தள்ளியே அவன் பின்னால் போனேன்.

எங்கள் வயோமிங் மாநிலத்தில் ஏணியோடு திரிகிறவன் பெயின்ட் அடிக்க வந்தவன் இல்லை. இங்கே நிலமெல்லாம் சதுரங்கப் பலகை. ஒரு கட்டம் பண்ணைக்காரருடையது, ஒட்டிய கட்டம் அரசாங்கத்துடையது. அரசாங்கக் கட்டத்தில் யாரும் மான் வேட்டையாடலாம். ஆனால் ஒரு அரசாங்கக் கட்டத்திலிருந்து அடுத்த அரசாங்கக் கட்டத்துக்குப் போக மூலைக்கு மூலை குறுக்காகத் தாண்ட வேண்டும். அந்த மூலையில் வீசுகிற காற்றுகூட எங்களுடையது என்றுதான் தலைமுறைக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் வேட்டைக்காரர்கள் என் வாசலுக்கு வந்து அனுமதி கேட்பார்கள். மூஞ்சி பிடித்தால் சரி என்பேன், பிடிக்காவிட்டால் கதவைச் சாத்துவேன்.

பிறகு கோர்ட் தீர்ப்பு வந்தது. எங்கள் மண்ணில் கால் படாமல் மூலையைத் தாண்டினால் குற்றமில்லையாம். மேல் கோர்ட்டும் அதையே சொன்னது. வாஷிங்டனில் இருக்கிற பெரிய கோர்ட் வழக்கைத் தொடவே மறுத்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு பயலும் என் கதவைத் தட்டவில்லை. வேலி மூலைக்கு மேலாக ஏணியை விரிக்கிறான், ஏறுகிறான், இறங்குகிறான், போய்க்கொண்டே இருக்கிறான்.

தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் வேலி மூலையை ஒட்டி, உள்பக்கம், ஒரு ஊற்று இருக்கிறது. ஆகஸ்டிலும் வற்றாது. வேறு எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அந்த ஊற்று இல்லையென்றால் மாடுகள் இல்லை, மாடுகள் இல்லையென்றால் இந்தப் பண்ணையும் இல்லை, நானும் இல்லை. என் கணவர் வெர்ன் போன பிறகு இரண்டு பேர் பண்ணையை விலைக்குக் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரும் துக்கம் விசாரிப்பதற்கு முன்னால் தண்ணீரை விசாரித்தார்கள். அப்படியிருக்க, மூலையில் நின்று ஃபோனையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கிறவனை மான் வேட்டைக்கு வந்தவன் என்று நான் எப்படி நம்புவது? எவனோ பணக்காரன் அனுப்பிய ஆள் என்றே முடிவு கட்டினேன்.

துணை ஷெரிஃப் லாய்ட் ஹாஸ்கலுக்கு ஃபோன் போட்டேன். என்னோடு பள்ளியில் படித்தவன்.

"மறுபடியுமா ஆர்லீன்? போன தடவ நீ புடிச்சுக் குடுத்தது பறவை பாக்க வந்த டீச்சரம்மா."

"டீச்சர்னு அவ சொன்னா. நீ நம்பின."

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். இரண்டு பேரும் மூலைக்குப் போனோம். அந்த ஆள் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பெயர் டுவேன் க்ரெப்ஸ், ஊர் காஸ்பர் என்றான். கேட்காமலே பெயர் சொல்கிறவன்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

"அந்தப் பக்கம் போனீங்களா?" என்றான் லாய்ட்.

"போனேன் சார். ஏணி வச்சுத்தான் தாண்டினேன். மேடத்தோட புல்லு ஒண்ணக்கூட மிதிக்கல."

"ஃபோன்ல என்னத்தத் தேடுறீங்க?" என்றேன் நான்.

"எல்லைக்கோடு மேடம். இது என்னவோ மூலைய நாப்பதடி மேற்கால தள்ளிக் காட்டுது. ஆனா வேலி இங்கல்ல இருக்கு. பெரியவங்க போட்ட வேலி சரியாத்தான் இருக்கும்னு இங்கேயே தாண்டிட்டேன்."

கப்பென்று பிடித்துக்கொண்டேன். "கேட்டியா லாய்ட்? மூலை அங்கன்னு அவர் வாயாலயே சொல்றார். அப்ப இப்ப நாம நிக்கிறது என் மண்ணு. நாப்பதடி என் நிலத்துல நடந்திருக்கார். கேஸ் போடு."

"ஃபோன வச்சு கேஸ் போட முடியாது. சர்வே கல்லு வேணும்."

"அப்ப தோண்டு."

"ஆர்லீன், கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

"நீ யாருக்கு வேல பாக்குற, எனக்கா இவருக்கா?"

லாய்ட் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தன் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தான். இங்கே யாரும் சர்வே கல்லைத் தேடிப் போனதில்லை. வேலி எங்கே முடிகிறதோ அதுதான் மூலை. இந்த வேலி என் மாமனார் போட்டது. அவர் கல்லைப் பார்த்துப் போட்டாரா, பாறை இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டாரா என்று யாரும் கேட்டதில்லை.

ஃபோன் காட்டிய இடத்தில் ஒரு புதரைப் பெயர்த்ததும் மண்வெட்டி ணங்கென்றது. உளியால் வெட்டுக்குறி போட்ட கல். பழைய அரசாங்க சர்வே கல்லேதான்.

"மாட்டினீங்களா?" என்று க்ரெப்ஸைப் பார்த்துச் சிரித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. லாய்டும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஊற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கல்லிலிருந்து வேலிவரை, வடக்கு தெற்காக நீளும் நாற்பதடி அகலப் பட்டை. அதன் தென்பாதியில்தான் அவன் நடந்தான். அது வேலிக்கு வெளியே விட்டுப்போன என் நிலம், வெறும் காய்ந்த புதர். வடபாதி அரசாங்கத்துடையது, மாமனாரின் வேலி அதை எங்கள் பக்கம் வளைத்துப்போட்டிருந்தது. ஊற்று அங்கே இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் நிலமென்றால் இத்தனை வருஷம் ஆண்டோம் என்று வாதாடலாம். அரசாங்க நிலத்தில் அந்தப் பேச்செல்லாம் செல்லாது. என் வாயாலேயே என் வீட்டுக்கு நான் நெருப்பு வைத்துக்கொண்டேன்.

லாய்ட் தொண்டையைச் செருமினான். "கேஸ் போட்டா இந்தக் கல்லப் பத்தி நான் ரிப்போர்ட்ல எழுதணும். எழுதினா சர்வேக்காரங்க வருவாங்க. போடலன்னா நான் எதையும் எழுத வேண்டியதில்ல. சும்மா மண்ணு தோண்டினேன், அவ்வளவுதான்."

"போட வேணாம்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ளிக் குழியை நானே மூடினேன். லாய்ட் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நானும் எதையும் பாக்கல மேடம்," என்றான் க்ரெப்ஸ்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேணாம்."

விலை சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். விலை சொல்கிறவனோடு பேரம் பேசலாம். ஒன்றும் வேண்டாம் என்கிறவனை என்ன செய்வது?

"அப்ப இனிமே நான் எந்தப் பக்கமாத் தாண்டட்டும்?" என்று கேட்டான். குத்திக் காட்டினானா, நிஜமாகவே கேட்டானா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏணியெல்லாம் எதுக்கு? கேட் வழியாவே போங்க. பூட்ட மாட்டேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தூக்கம் கெட்டது. ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் சர்வேக்காரன் வந்துவிட்டான் என்று ஜன்னலுக்கு ஓடினேன். ஒருவரும் வரவில்லை. நல்ல மனுஷன்தானோ என்று வசந்தத்தில் ஒரு நாள் நினைத்தேன். இல்லை, என் குடுமியைப் பிடித்துவைத்துக்கொண்டு நல்ல விலைக்குக் காத்திருக்கிறான் என்று மறுநாள் நினைத்தேன்.

அடுத்த அக்டோபரில் வந்தான். கூட இன்னொரு வண்டி. அதிலிருந்து ஒரு தடித்த ஆள் இறங்கினான்.

"என் மச்சான் மேடம்," என்றான் க்ரெப்ஸ். "டேய், நான் சொன்னேனே, அந்த மேடம் இவங்கதான்."

மச்சான் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். "உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்கான்."

என்ன சொன்னான்? எவ்வளவு சொன்னான்? இன்னும் யார் யாரிடம் சொன்னான்? கையை விடாமல் அந்த ஆள் முகத்தைத் துழாவினேன்.

"வெளியே குளிருது," என்றேன். "ரெண்டு பேரும் உள்ள வாங்க, காபி போடுறேன்."