பாவுக்குள் புகுந்த பூந்தி

1

எங்கள் நாய் பூந்தி, சம்பந்தம் மாமாவின் பாவுக்குள் புகுந்து இழைகளை அறுத்த காலையில் இந்தக் கதை பிறந்தது. முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'ஆரணியின் பொன்னிறக் காலைப் பொழுதில் ஓர் அழகிய…'

(அடித்துவிட்டேன். பாவு* நீட்டும் காலையில் எங்கள் தெருவில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை.)

* தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டிழைகளைத் தெரு நெடுகக் கட்டிச் சீராக்குவோம். அதுதான் பாவு.

2

அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி பாவாண்ட போச்சின்னா, சந்தவாசல்ல உட்டுட்டு வந்துடுவேன்."

சந்தவாசல் தள்ளியிருக்கும் வேறு ஊர்; அங்கே விட்ட நாய் வீடு திரும்பாது. அடுத்த பாவு எங்களுடையது. நான் செல்போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன்; பேச்சு எனக்கு வராது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னதற்கே பள்ளியை விட்டவள் நான்.

3

நாய்ப் பயிற்சியாளரைப் பெரிய மீசைக்காரராக எழுதிப் பார்த்தேன். நம்பும்படி இல்லை. நிஜத்தில் வந்தவர் அகல்யா அக்கா. நான் செல்போனில் தட்டி அனுப்பிய நீளமான செய்தியைப் படித்துவிட்டு வேலூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தார். நாய்க்கு வாத்தியாரம்மாவா என்று தெருவே சிரித்தது.

பாவாண்ட நாய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விரட்டினால் இழைக்குள் ஓடும். கல் எறிந்தால் பட்டு பாழாகிவிடும். அதனால் ஆளுக்கொரு பிஸ்கட் காட்டி வெளியே அழைப்போம் என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். "பாவுல நுழைஞ்சா பிஸ்கட்னு தெருவே சேர்ந்து டிரெய்னிங் குடுத்துகினு இருந்திருக்கீங்க."

தள்ளி உட்கார்ந்தால் மட்டுமே தீனி என்று பழக்கினோம். முற்றத்தில் நூல் கட்டிப் பழக்கினோம். பூந்தி சீக்கிரம் கற்றது.

"நாய் ரெடி, சுபா. தெருவு ரெடியில்ல. அவங்ககிட்ட நீதான் சொல்லணும்."

'அன்று மாலையே வீடு வீடாகச் சென்று நான்…' (பொய். போகவில்லை.)

4

எங்கள் பாவு. இருபக்கமும் ஆட்கள். பூந்தி எழுந்து இழையை நோக்கி நடந்தது. அப்பாவின் முகம் மாறியது. சம்பந்தம் மாமா பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார்.

"மாமா, பிஸ்கட்ட உள்ள வைங்க!"

தெருவே திரும்பியது. அது என் குரல்தான். நிறுத்த முடியவில்லை.

"யாரும் ஒண்ணும் தராதீங்க. அத்தப் பாக்கவும் பாக்காதீங்க. பூந்தி, உக்காரு."

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. பூந்தி அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, உட்கார்ந்தது. கடைசி இழை சீராகும்வரை எழவே இல்லை.

"இன்னாடா குமரேசா, உன் பொண்ணுக்கு வாய் இருக்குது," என்றார் மாமா.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் அப்பா அழுகிறார் (அழமாட்டார்). ஒன்றில் தெரு கைதட்டுகிறது (எல்லார் கையிலும் வேலை). மூன்றாவதில் அப்பா என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். அது நடந்தது. அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு எது கேட்கிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். சந்தவாசல் மட்டும் அதில் வரக்கூடாது.