முதிரைக்குளத்துப் போத்தல்

1

இந்தக் கதை ஒரு சர்பத் போத்தலில் இருந்து பிறந்தது. கனவில் வந்தது, கடற்கரையில் தோன்றியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் வரியிலேயே புளுகினால் பிறகு நான் எதைச் சொன்னாலும் நீங்கள் நம்பப் போவதில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “1938 நவம்பர், வெள்ளவத்தையில் மழை விடாமல்...” அதை அடித்துவிட்டேன். மழையில் தொடங்கினால் வாசகர் உடனே இரக்கப்படத் தயாராகிவிடுகிறார். அந்த இரக்கத்துக்கு ஒஸ்வால்ட் தகுதியானவனா என்பது எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது தொடக்கம்: “ஒஸ்வால்ட் குளங்களைக் கவனிக்கும் கந்தோரில் கிளாக்கர். ஒரு குளத்தையும் நேரில் பார்த்ததில்லை.” இது இருக்கட்டும்.

2

ஒஸ்வால்டுக்கு வயது முப்பத்துநான்கு. கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். தாய் இறந்தபின் அந்த வீட்டை விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் சவுந்தரநாயகம் என்பவரின் லொட்ஜில் ஓர் அறை எடுத்திருக்கிறான். ஞாயிறு பூசைக்குப் போனால் சாமியார் தலையசைப்பார். அந்த வாரம் அவனுக்குக் கிடைக்கும் உறவு அவ்வளவுதான்.

கந்தோரில் வன்னிச் சிறுகுளங்களின் கடதாசிகள் அவன் பொறுப்பு. அதில் ஒன்று முதிரைக்குளம். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) பழைய மண்கட்டு, அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிகிறது. கசிவு தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், கட்டுக்குள் மண் அரிபடுகிறது என்று அர்த்தம். அப்படி அரிபடும் கட்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்துவிடும்.

ஆகவே கந்தோரின் வெள்ளைக்கார எஞ்சினியர் துரை ஒரு முறை வகுத்தார். மாதக் கடைசியில் குளத்து மேற்பார்வைக்காரரான ஓவசியர் நிலாம் கசிவுநீரைப் போத்தலில் பிடித்து, மெழுகு வைத்து, ரயிலில் அனுப்ப வேண்டும். போத்தல் வந்த கையோடு கிளாக்கர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஃபைலில் எழுத வேண்டும்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: முதலில் கந்தோரிலிருந்து இரண்டு வெறும் ஜின் போத்தல் அனுப்பினார்கள். “எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை, மன்னிக்கவும்” என்று நிலாம் திருப்பியனுப்பிவிட்டு, தன் வீட்டுச் சர்பத் போத்தலில் அனுப்பத் தொடங்கினார்.)

3

நிலாம் முன்பெல்லாம் மூன்று பக்கம் எழுதுவார். எங்கே கசிவு கூடியது, எங்கே கறையான் புற்று, எல்லாம் இருக்கும். துரைக்கு அது பிடிக்கவில்லை. ஓவசியர் அபிப்பிராயம் எழுதத் தேவையில்லை, போத்தல் மட்டும் போதும் என்று பதில் போனது. அதை டைப் அடித்தவன் ஒஸ்வால்ட். அன்று முதல் நிலாமின் கடிதம் இரண்டே வரி: “போத்தல் அனுப்பியிருக்கிறேன், பார்க்கவும். தங்கள் தடிமன் சுகமா?”

ஒரு வருடத்துக்கு முன் மூக்கொழுகி வந்த தடிமன் அது. தாமதத்துக்குச் சாட்டாக ஒஸ்வால்ட் ஒருமுறை எழுதிவைத்தான். மனிதர் இன்னும் விசாரிக்கிறார். இந்தக் கொழும்பு முழுவதிலும் அவனுடைய சுகத்தைக் கேட்க வேறு யாருமில்லை.

இங்கே ஒரு சந்தேகம். அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறவன் பார்சலை உடனே பிரித்திருப்பானே? பிரித்தான். ஒக்டோபர் முப்பத்தொன்று, திங்கள் பின்னேரம். கடிதத்தை எடுத்து இரண்டுமுறை வாசித்துச் சட்டைப்பையில் வைத்தான். போத்தலை அலுமாரிமேல் நிறுத்தினான். மறுநாளிலிருந்து லீவு, தாயின் கல்லறைக்கு வெள்ளையடித்து, இறந்தோர் திருநாளுக்குப் பூவும் மெழுகுதிரியும் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் போத்தல் ஞாபகம் வந்தது. இருந்த இடத்திலேயே பார்த்தான். பளிங்குபோல் இருந்தது. ஃபைலில் “தெளிவு” என்று எழுதினான்.

நாலு நாள் அசையாமல் நின்ற தண்ணீர் தெளியாமல் என்ன செய்யும்?

4

நேற்றுச் சனிக்கிழமை, போத்தலைக் கழுவி வைப்பதற்காக எடுத்தான். சரித்ததும் அடியிலிருந்து செம்மண் புகையாக எழுந்தது. என் கை போத்தலை யன்னல் வெளிச்சத்துக்கு...

(அவன் கை என்று வந்திருக்க வேண்டும். சரி, விடுங்கள். ஒஸ்வால்ட் என்று யாரும் இல்லை. அந்தக் கிளாக்கர் நான்தான். பெயர் றேமண்ட்.)

பக்கத்து மேசைப் பௌஸியைக் கூப்பிட்டேன்.

“இது கலங்கல், பௌஸி. நான் தெளிவு எண்டு எழுதிட்டன். இந்த வருஷம் கட்டுல வேலை தேவையில்லை எண்டு நேத்தே துரையும் கையெழுத்து வச்சிட்டார்.”

பௌஸி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“வாய மூடிட்டு கழுவி வைங்க. ஒரு போத்தல்ல மண் இருந்தா கொளம் ஒடஞ்சிருமா? இப்ப போய்ச் சொன்னா ஒங்கட வேல போறதுதான் மிச்சம்.”

“கீழ இருபத்தெட்டு வீடு இருக்கு. நிலாமிட வீடும் அங்கதான்.”

“நீங்க அவரக் கண்டிருக்கீங்களா?”

“இல்ல.”

“பின்ன என்ன?”

பௌஸி கெட்டவர் அல்ல. ஏழு பிள்ளைகளின் தகப்பன். துரை நுவரெலியாவுக்குப் போய்விட்டார், செவ்வாய்க்கிழமைதான் வருவார். முதிரைக்குளம் இருக்கிற வவுனியாப் பக்கம் கடும் மழை என்று இன்றைய பேப்பரில் இருக்கிறது.

5

முடிவு ஒன்று. கட்டு தாங்கிவிடுகிறது. மாதக் கடைசியில் அடுத்த போத்தல் வருகிறது, கூடவே தடிமன் விசாரிப்பும். இதை எழுதப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அழகாகவும் வந்தது. அதனால்தான் கிழித்துப்போட்டேன்.

முடிவு இரண்டு. “விடியற்காலையில், கட்டின் நடுவில் முதலில் ஒரு கை நுழையுமளவுக்கு...” இதற்குமேல் என்னால் எழுத முடியாது.

மூன்றாவதாக, முடிவை உங்கள் கையில் தந்துவிட்டு நான் நழுவிவிடலாம். கதைக்காரர் பலர் செய்கிற காரியம்தான். ஆனால் அந்தக் கட்டுக்குக் கீழே படுத்துறங்குகிறவர் நீங்கள் அல்லவே.

காலைப் பூசை முடிந்து இந்த மேசையில் உட்கார்ந்தேன். இப்போது மூன்று மணி. கதை எழுதுகிறேன் என்ற பெயரில் ஆறு மணித்தியாலம் சும்மா இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கோட்டையில் தந்திக் கந்தோர் ஞாயிறும் திறந்திருக்கும். துரையைக் கேளாமல் ஒரு கிளாக்கர் தந்தி அடிக்க முடியாது. அடித்தவன் பிறகு அந்தக் கந்தோரில் இருக்கவும் முடியாது. தந்தி போய்ச் சேரும் ஸ்டேஷன் முதிரைக்குளத்திலிருந்து ஏழு மைல் தள்ளி. ஸ்டேஷன் மாஸ்டர் மழையில் ஆள் அனுப்புவாரா, தெரியாது. அதற்குள் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரியாது. தந்தியையும் நாலுமுறை எழுதி வெட்டினேன். ஐந்தாவது இது:

“நிலாம், கசிவு கலங்கல். எல்லோரையும் கூட்டிக்கொண்டு இப்போதே மேட்டுக்குப் போங்கள். தெளிவு என்று பிழையாக எழுதியவன் நான். றேமண்ட்.”

இதை அனுப்ப, கோட்டைக்குப் போகும் மூன்றேகால் ரயிலுக்குப் போகிறேன்.