மஞ்சளாகிப்போன பைன் கிளை

பெட்டி மூடியில் நாரை, மான், பீச் பழம் மூன்றும் சிவப்பில் நன்றாக வந்திருந்தன. மிச்சம் பைன் மரம்தான். சிவப்பு அரக்குப் பூச்சைச் செதுக்கி உள்ளே போனால் பச்சைப் பூச்சு வரும். ஊசியிலைகளை அதில்தான் செதுக்க வேண்டும். அதற்கும் கீழே மஞ்சள். என் உளி மயிரிழை அளவு கூடுதலாக இறங்கிவிட்டது. ஒரு கிளை முழுக்க இலைகள் மஞ்சள்.

மருந்துக் கடை பு ஐயா தன் தாயாரின் எழுபதாம் பிறந்தநாளுக்குக் கேட்ட பெட்டி அது. நீண்ட ஆயுளை வாழ்த்தும் பெட்டியில் பட்டுப்போன பைன்! விழாவுக்கு நான்கு நாள்தான். மறுபடி பூச்சு ஏற்ற ஆறு மாதம் ஆகும்.

பூச்சு வேலை என் மனைவி சூய்ஜெனுடையது. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை இருபது தடவை போட்டேன். எண்ணித்தான் போட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க வாயைத் திறக்காம இருக்கறதே திட்டுற மாதிரிதான் இருக்கு."

அன்று மாலைவரை நான் உளியைத் தொடவில்லை. பட்ட மரத்திலும் ஒன்று முளைக்கும் என்பது மெதுவாகத்தான் தோன்றியது. மலைத் துறவிகள் சாகாவரம் வேண்டித் தேடும் லிங்ஜீ காளான். மறுநாள் மஞ்சள் இலைகளை வழித்துவிட்டு, வெறுங்கிளையில் மஞ்சளிலேயே மூன்று காளான்களைச் செதுக்கினேன்.

பு ஐயா வந்தார். மூடியைச் சன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் லிங்ஜீயைப் பாறை மேல செதுக்குறாங்க. நான் முப்பது வருஷமா விக்கிறேன், அது பட்ட மரத்துலதான் முளைக்கும். உனக்கு யாருப்பா சொன்னது?"

விறகுவெட்டி ஒருவன் சொன்னான் என்றால் போதும். ஆனால் அந்தப் பொய் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"யாரும் சொல்லலைங்க. கை தவறி இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. அதை மறைக்கத்தான் இது."

அவர் மூடியைத் திறந்தார், மூடினார்.

"எங்கம்மா தினமும் 'நான் பட்ட மரம்டா, என்னை விட்டுடு'ன்னு புலம்புறாங்க. இதைக் காட்டி வாயை அடைக்கிறேன்."

பெட்டியைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். "விழாவுக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. நூடுல்ஸ் நீளமா இருக்கும், நடுவுல கடிச்சு வைக்காதீங்க. ஆயுசு அறுந்துடும்னு அம்மா கத்துவாங்க."

பொழுது சாயும்வரை நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வேலை செய்யவில்லை. பேசவும் இல்லை. இந்தத் தடவை அதைத் திட்டு என்று அவள் சொல்லவில்லை.