உப்பில்லாத நாற்பத்தெட்டு நாள்

வல்லத்திராக்கோட்டை அய்யாக்கண்ணுவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். சுத்தப் பொய். மூக்கு வரைக்கும் வந்து நிற்கிற பொறுமைகூட அந்தக் கோபத்துக்குக் கிடையாது. அப்படிப்பட்டவர் புதுக்கோட்டை டவுனில் ஆத்மநாதன் டாக்டர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அதற்காக அவர் சம்சாரம் சொர்ணவல்லி இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன தை மாசம் அய்யாக்கண்ணுவின் அண்ணன் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் முறத்தோடு சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு வந்த அதே பிடரி வலி, அதே கண் சிவப்பு இப்போது தம்பிக்கும் வந்திருந்தது.

டாக்டர் அய்யாக்கண்ணுவின் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினார். கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் விறுவிறுவென்று ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. இறங்குகிறபோதே ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளியது. சொர்ணவல்லி குனிந்து பார்த்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷரின் நெஞ்சு துடிப்பதை அவள் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரத்தத்துக்கா இவ்வளவு பலம்? அய்யாக்கண்ணுவும் கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தக்கொதிப்பு இருநூத்தி இருவது. நூத்தி நாப்பதுக்குள்ள இருக்கணும்" என்றார் டாக்டர். "இதுக்குச் சரியான மருந்து இன்னும் வரலீங்க. அமெரிக்காவுல ஒரு டாக்டர் வெறும் சோறும் பழமும் குடுத்தே எறக்கிக் காட்டுறாராம். நானும் பன்னெண்டு பேரை வச்சுச் சோதிச்சுப் பாக்குறேன். நீங்க இனிமே உப்பில்லாமச் சாப்பிடுங்க."

அங்கேதான் வந்தது வினை. "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று கேட்டதற்காகப் போன வருஷம் ஊரில் ஒரு மண்டை உடைந்திருந்தது. உடைத்தவர் அய்யாக்கண்ணு.

"என்னயப் பாத்து உப்பில்லாமத் திங்கச் சொல்றீரா? மானம் ரோசம் இல்லாதவன்னு நெனச்சீரா?" பட்டையைப் பிய்த்து மேசைமேல் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வண்டியில் திரும்புகிற வழியெல்லாம் சொர்ணவல்லி யோசித்தாள். இந்த ரோசக்காரர் யாருக்குப் பணிவார்? சாமி ஒன்றுக்குத்தான்.

"ஏங்க, ஒங்களுக்காக நான் ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன். நாப்பத்தெட்டு நாள் நீங்க உப்பில்லா வெரதம் இருக்கணும்."

"எந்தச் சாமிக்கு?"

அதை அவள் யோசித்து வைக்கவில்லை. "அய்யனாருக்கு" என்றாள். போதாதோ என்று பயந்து, "திருக்கோகர்ணத்து ஆத்தாவுக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார்.

"சாமிக்குன்னா சரி."

மூன்றாம் நாள் வட்டில் பறந்தது. ஐந்தாம் நாள் குழம்பைப் பார்த்து, மாட்டுக்கு வைத்த தண்ணி இதைவிட மேல் என்றார். ஆனால் சாப்பிட்டார். அவளும் உப்பில்லாமலே சாப்பிட்டாள். அந்தச் சோறு தொண்டையில் இறங்குவது எத்தனை கஷ்டம் என்று அவளுக்கும் தெரியும். இருபதாம் நாள், "டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போய்ப் பாப்பமா?" என்று பயந்து பயந்து கேட்டாள். அவர் சண்டை போடாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியது அவளுக்கே ஆச்சரியம். அன்றைக்கு நூற்றி எண்பத்து நாலு.

நாற்பத்தெட்டாம் நாள் டாக்டர் மூன்று தடவை பார்த்தார். நம்பாமல் இன்னொரு கையிலும் பட்டையைச் சுற்றினார். பாதரசம் ஏறி, துள்ளலே இல்லாமல் இறங்கி இறங்கி வந்து, ரொம்பக் கீழே போய்த்தான் துள்ள ஆரம்பித்தது.

"நூத்தி நாப்பத்தாறு." டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பன்னெண்டு பேர்ல பத்துப் பேரு ஒரு வாரத்துலயே ஓடிட்டாங்கம்மா. படிச்சதை இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன்."

சொர்ணவல்லியின் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. டாக்டரையா, கண்ணாடிக் குழாயையா, வெறுஞ்சோற்றையா, யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கும்பிட்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அந்த ஆச்சரியமெல்லாம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. விரதம் முடிந்துவிட்டது. உப்பு வைக்காவிட்டால் பொய் வெளியாகும். வைத்தால் பாதரசம் மறுபடி ஏறும். விரதம் முடிகிற சாப்பாடாயிற்றே என்று வாழையிலை போட்டாள். இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள்.

அய்யாக்கண்ணு அதை விரலால் வழித்து இலைக்கு வெளியே தள்ளினார்.

"ஏங்க, வெரதம் முடிஞ்சிருச்சே."

"எந்த வெரதம்? ஒரு சாமியக் கேட்டா ரெண்டு சாமி சொன்னியே, அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா இருந்தீங்க?"

அவர் இலையைப் பார்த்தபடியே பேசினார். "எங்கண்ணனச் சாச்சது எதுன்னு அந்தக் குழாய்க்குள்ள பாத்தேன் புள்ள. பயந்துட்டேன். அத அந்த டாக்டர்கிட்டச் சொல்ல வாய் வரல. நீ பொய் சொன்னே, அதப் புடிச்சுக்கிட்டேன்."

பயந்துட்டேன் என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அட, அழுவாத" என்றார் அய்யாக்கண்ணு. "சோத்துல உப்பு விழுந்துறப் போவுது."