கண்ணடித்த முருகன்

சண்முகநாதன் பெருமையோடு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் புது டிம்மரைத் திருகினார். ஹோலில் இருந்த நாலு மஞ்சள் பல்ப்புகளும் அடக்கமாக மங்கின. சாமிப்படத்துக்கு மேலிருந்த எல்.ஈ.டி மட்டும் அடங்கவில்லை. படபடவென்று துடித்தது. அந்த வெளிச்சத்தில் படத்து முருகன் கண்ணடித்தார்.

தன் மகன் ஜெயதீபனுக்குச் சண்முகநாதனின் மகளைப் பெண் பார்க்க வந்த பாலேஸ்வரி, தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியளே அண்ணை. நல்லூர் முருகனிட்டைப் பூக்கட்டிப் பாப்பம் எண்டிருந்தன். அவரே உத்தரவு தந்திட்டார்."

"பிறகென்ன, கையோடை கலியாணத்துக்கு நாள் வைப்பம்," என்றார் சண்முகநாதன்.

சுவிட்சடியில் நின்ற வயர்மன் சிவரூபன் துடிக்கும் விளக்கை அண்ணாந்து பார்த்தான். காலையில் டிம்மரைப் பூட்டியவன் அவன்தான். சாதாரண எல்.ஈ.டி டிம்மருக்குச் சரிவராது என்று தெரியும். தனி வயர் இழுக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் சாமி விளக்கையும் அதே வயரில் கொளுவிவிட்டான். வீட்டில் யாருக்கும் தெரியாத இன்னொரு சங்கதியும் உண்டு. பெண் உதயகலாவும் அவனும் மூன்று மாதமாகக் காதலர்கள். ஆக, காதலியை இன்னொருவனுக்குக் கட்டிக்கொடுக்க முருகனுக்குக் கரண்ட் கொடுத்தவனே அவன்தான்.

குசினி வாசலில் நின்ற உதயகலா அவனைப் பார்வையாலேயே பொசுக்கினாள்.

வாயைத் திறந்தால் பெயர் போகும். பிழையாக வயர் இழுப்பவனுக்கு எந்த அப்பன் பெண் கொடுப்பான்? திறக்காவிட்டால் பெண்ணே போகும்.

"ஐயா, உது சாமியில்லை. என்ரை பிழை."

"என்னடா கதைக்கிறாய்?"

சிவரூபன் டிம்மரைக் கூட்டினான். முருகன் அடங்கினார். குறைத்தான். கண்ணடித்தார். ஏழாம் தடவையில் பாலேஸ்வரி எழுந்துவிட்டாள்.

"விளக்குப் பிழையெண்டால் உத்தரவும் பிழைதானே, அண்ணை. பூக்கட்டிப் பாத்திட்டுச் சொல்லிவிடுறன்."

கார் போன திசையைப் பார்த்துவிட்டுச் சண்முகநாதன் திரும்பினார்.

"உதைச் சரிப்பண்ணிப்போட்டு வெளிக்கிடு. பிறகு இந்தப் படலையடியிலை உன்னைக் காணப்படாது."

அவர் அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினார். சிவரூபன் ஸ்டூலில் ஏறினான். உதயகலா வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"ரெண்டு நிமிசம்."

"ரெண்டு கிழமை, பதினாலு நாள் எண்டு சொல்லும்."

"என்ரை பேர் நாறிப்போகும்."

"இனி நாற என்ன கிடக்கு?" என்றவள் அறைப்பக்கம் குரல் கொடுத்தாள். "அப்பா, குசினி லைற்றும் துடிக்குது."

"நாசமாப் போனவன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "எல்லாத்தையும் சரிப்பண்ணாமல் அவனை வெளியிலை விடாதை."