கன்னையனுக்குக் காக்காத தீட்டு

1976 ஆடி மாதம், சிலமலையில் பெரியகருப்பனுக்கு இரண்டாவது நிழல் விழுந்த சாயங்காலம் வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: அவருடைய அண்ணன் உக்கிரபாண்டி, மனைவி அன்னக்கொடி, ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகள் ஒச்சம்மாள், மாடு விலை பேச வந்திருந்த தவசி. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாக ஊரில் பாதிப்பேர் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

முதல் நிழல் முறைப்படி கிழக்கே விழுந்தது. இரண்டாவது மேற்கே, இறங்குகிற வெயிலுக்கு நேர் எதிரே, மலையைப் பார்த்து நீண்டு கிடந்தது. அதன் இடது தோள் சற்று இறங்கியிருந்தது. ஏலக்காய் மூட்டை சுமந்தே இறங்கிப்போன அந்தத் தோள் யாருடையது என்று நால்வருக்கும் தெரியும். அன்று மதியம்தான் கன்னையனை மலையில் புதைத்திருந்தார்கள்.

போடிமெட்டுக்கு மேலே பெரியகருப்பனும் கன்னையனும் பதினேழு வருடம் சேர்ந்து ஏலத்தோட்டம் பார்த்தவர்கள். 1969 மழையில் பெரியகருப்பன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்க, ஜீப்பும் ஏற முடியாமல் நின்றுவிட, கன்னையன் அவரை முதுகில் கட்டிக்கொண்டு போடி வரை நடந்தே இறங்கினார். அப்படிப்பட்டவர் மண்சரிவில் போனபோது, துக்கம் காக்க அவருக்குப் பங்காளி என்று ஒருவரும் இல்லை. அடக்கம் முடிந்து வந்த பெரியகருப்பன் வாசற்படி ஏறாமல் நின்றார்.

"பதினாறு நாள் தொழுவத்துல இருந்துக்கிறேன்ணே. அவனுக்கு நான் தீட்டுக் காக்கணும்."

"அவன் வேற ஆளுக. நமக்குப் பங்காளியா, மாமன் மச்சானா? ஊரு சிரிக்கும். காலக் கழுவிட்டு வெரசா உள்ள வா" என்றார் உக்கிரபாண்டி. அந்தக் குடும்பத்தில் அண்ணன் பேச்சைத் தம்பி மீறியதில்லை. பெரியகருப்பன் படியில் கால் வைத்தார். நிழல் விழுந்தது.

அடுத்த எட்டு வருடம் அது அவரை விடாமல் அந்த வீட்டிலேயே இருந்தது. உச்சி வெயிலில் பெரியகருப்பனின் சொந்த நிழல் காலடியில் ஒடுங்கும்போதும் மற்றது ஆளுயரம் குறையாமல் மேற்கே கிடக்கும். வெயிலே இல்லாமல் மூடம் போட்ட நாளிலும் விழும். அது கிடந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. பச்சை ஏலக்காய் புகையில் வேகும் வாசனையும் லேசாக வந்தது. கோழிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. அன்னக்கொடி தினமும் இரண்டு தடவை தரையைத் துடைத்தார். இரண்டு மந்திரவாதிகள் வந்து, கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உக்கிரபாண்டி மட்டும் அதை மிதிக்காமல், அதைப் பற்றிப் பேசாமல் நடந்தார். அது யார் சொல்லால் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

1984இல் ஒச்சம்மாளுக்குத் தேவாரத்திலிருந்து நல்ல இடம் வந்தது. அதற்கு முன் வந்த மூன்று இடங்களும் நிழலைக் கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டன. பரிசம் போடுவதற்கு முதல்நாள் உக்கிரபாண்டி தம்பியை அழைத்து, நாளைக்கு ஒருநாள் மலைக்குப் போய்விடு என்றார்.

"என்னையப் போகச் சொன்னாப் போறேன்ணே. அவனையப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா பொண்ணக் குடுக்க தகப்பன் வேணும்ல?"



மறுநாள் சபை கூடியது. பெரியகருப்பன் ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் நிழல் மாப்பிள்ளை வீட்டார் மடி வரை நீண்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா மொக்கையன் வேட்டியை இழுத்துக்கொண்டார்.

"என்ன சம்பந்தி, ஊருக்கெல்லாம் ஒண்ணு, ஒங்களுக்கு மட்டும் ரேசன்ல ரெண்டு நெழலு போட்டாகளா?"

சிலர் சிரித்தார்கள். மொக்கையன் சிரிக்கவில்லை. "வெளையாட்டு இல்ல. இது யாரு? என்ன முறைன்னு தெரியாத ஆளு இருக்கிற வீட்டுல நாங்க எப்படிக் கை நனைக்கிறது?"

உள்ளே ஒச்சம்மாளின் வளையல் சத்தம் நின்றது. தவசி என்னவோ சமாளிக்க வாயெடுத்தார். உக்கிரபாண்டி கையமர்த்திவிட்டு எழுந்தார். எழுபது வயதிலும் வளையாத முதுகு. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சபையில் அவர் அப்படி நின்று ஊரார் பார்த்ததில்லை.

"பேரு கன்னையன். எனக்குத் தம்பி முறை. இந்த வீடு அவனுக்குத் தீட்டுக் காத்திருக்கணும். காக்கவிடாதவன் நான்."

அப்போது நிழல் மலையை விட்டுத் திரும்பியது. மெதுவாக ஊர்ந்து, உக்கிரபாண்டிக்கும் பெரியகருப்பனுக்கும் நடுவே, பங்காளிகள் வரிசையில் நேராகப் படுத்தது. அந்த இடத்தில் ஜமுக்காளம் நனைந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை.

மொக்கையன் இழுத்துப் பிடித்திருந்த வேட்டியை விட்டார். "பங்காளின்னா எங்களுக்கும் சம்பந்திதான. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். தட்டிலிருந்து வெற்றிலை பாக்கு எடுத்து, மற்றவர்களுக்கு வைத்ததுபோலவே நிழலின் முன்னாலும் வைத்தார். அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. நிழல் போகவில்லை, போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அன்றைக்கு நிழல் கைநீட்டி வெற்றிலையை எடுத்து மென்றது என்று தேவாரம் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். வெற்றிலை சாயங்காலம் வரை வைத்த இடத்திலேயே கிடந்தது. கன்னையனுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.